செஸ்னா 172 எலிவேட்டரில் ஆட்டம்: கேபிளை இறுக்கினால் போகுமா?

வாவிக்கரை எழுதியது:

வணக்கம். மட்டக்களப்பு விமான நிலையத்தில் வெளியில் கட்டி நிற்கும் ஒரு செஸ்னா 172 இப்போது பரிசோதனைக்குத் திறந்து கிடக்கிறது. உள்ளே ஒருவர் கன்ட்ரோல் வீலை அசையாமல் பிடிக்க, வெளியில் நின்று எலிவேட்டரின் (வாலில் மேலும் கீழும் அசைந்து மூக்கை ஏற்றி இறக்கும் பலகை) பின்விளிம்பை இரண்டு விரலால் தூக்கி இறக்கினால் 7 மி.மீ. சும்மா ஆடுகிறது. இரண்டு அந்தத்திலும் 'டக்' என்று கேட்கிறது.

கேபிள் இழுவை டென்சியோமீட்டரில் 24 இறாத்தல். கையேட்டில் 30, கூட்டிக் குறைத்து 10. ஆக எல்லைக்குள்தான். துணியால் முழு நீளமும் துடைத்துப் பார்த்ததில் எங்கும் இழை மாட்டவில்லை. கப்பிகள் சுழல்கின்றன. வால் கூம்புக்குள் பின் பெல்கிராங்கில் (நடு அச்சில் திரும்பும் நெம்புகோல்) தள்ளுகோல் பூட்டியிருக்கும் போல்ட் தலையைச் சுற்றிக் கறுப்புத் தூளும், கீழே வடிந்த செந்நிறக் கோடும் இருக்கின்றன.

சொந்தக்காரர் "கேபிளை 40க்கு இறுக்குங்க, ஆட்டம் போயிடும்" என்கிறார். இன்னொரு யோசனை, கல்லடிப் பக்கம் படகு எஞ்சின்களுக்குப் புஷ் (துளைக்குள் போடும் உலோக வளையம்) கடைகிற லேத் பட்டறையில் வெண்கலத்தில் ஒன்று கடைந்து போடுவது. இரத்மலானை வழியாகப் பொருள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

---

கச்சான்காத்து எழுதியது:

கேபிளில கை வைக்காதீங்க தம்பி. முதல்ல அந்த வரிசை எப்படிப் போகுதெண்டு பாருங்க. வீல், தண்டு, அதிலிருந்து ஒரு தள்ளுகோல், தரைக்குக் கீழ முன் பெல்கிராங்க், அங்கிருந்து ரெண்டு கேபிள், வால் கூம்புக்குள்ள பின் பெல்கிராங்க். அதிலிருந்து இன்னொரு தள்ளுகோல் போய் ரெண்டு எலிவேட்டருக்கும் நடுவில கைபோல நீட்டிக்கொண்டிருக்கிற நெம்பில முடியுது, அதைத்தான் எலிவேட்டர் கை எண்டு சொல்லுறது. (மாடல் ஆண்டைப் பொறுத்துச் சின்ன வித்தியாசம் இருக்கும், உங்கட கையேட்டுப் படத்தை வைச்சுப் பாருங்க.)

கேபிள் இழுவை நிக்கிறது ரெண்டு பெல்கிராங்குக்கும் இடையில மட்டும். பின் தள்ளுகோலின் ரெண்டு முனையில உள்ள தேய்மானத்தை அது தொடவே தொடாது. 40 இல்ல, 60 வைச்சாலும் அந்த 'டக்' அப்படியே கிடக்கும். கூடுறது உராய்வுதான். கப்பிப் பெயரிங்கில சுமை ஏறும், வீல் விட்ட இடத்திலேயே நிக்கும், ட்ரிம் (வீலை விட்டாலும் மூக்கை ஒரே நிலையில வைக்கிற அமைப்பு) பிடிக்காது.

அதைவிட மோசமான ஒண்டு இருக்கு. பெல்கிராங்க் நடு அச்சில் ஆட்டம் இருந்தா, இறுக்கின கேபிள் அதை ஒரு பக்கமா இழுத்து வைச்சு மறைச்சிடும். கையால பார்த்தா ஒண்டும் தெரியாது, பறக்கும்போது எதிர்ப்பக்கச் சுமை வந்ததும் வெளியில வரும். அதனால அச்சைச் சோதிக்கிற நேரம் டர்ன்பக்கிளை (கேபிளை இறுக்கித் தளர்த்துற திருகு) தளர்த்திப்போட்டுத்தான் சோதிக்க வேணும். தளர்த்த முன்னம் ரெண்டு பக்கமும் எத்தனை மரை வெளியில தெரியுதெண்டு எழுதி, போட்டோவும் எடுங்க. கேபிள் கப்பியை விட்டு வழுகாமல் ஒட்டுற ரேப் போட்டுப் பிடிச்சு வையுங்க.

ஆட்டம் எங்க எண்டு பிரிக்கிற முறை:

வீலைப் பிடிக்கிறதை விடுங்க. வால் கூம்புக்குள்ள ஒருவர் பின் பெல்கிராங்கையே அழுத்திப் பிடிக்கட்டும். அப்பவும் பின்விளிம்பு அதே அளவு ஆடினா, முன்னால உள்ள எல்லாத்தையும் மறந்திடலாம். ஆட்டம் குறைஞ்சா, குறைஞ்ச அளவு முன்பக்கத்துக்குச் சொந்தம்.

மறுகா, இடது எலிவேட்டரைப் பிடிச்சுக்கொண்டு வலதை அசையுங்க. ரெண்டுக்கும் இடையில அசைவு இருந்தா அது தள்ளுகோல் இல்ல, நடுவில இணைக்கிற குழாயின் ரிவெட் அல்லது போல்ட் தளர்ந்திருக்கு. அது வேற வேலை, பெரிய வேலை.

அடுத்தது கீல். பின்விளிம்பைப் பிடிக்காமல் கீலுக்குப் பக்கத்திலேயே எலிவேட்டரைத் தூக்கி இறக்கிப் பாருங்க. அங்க அசைஞ்சா கீல் புஷ்.

மிச்சம் தள்ளுகோலின் ரெண்டு முனை. விரலை மூட்டுக்குக் குறுக்கே வைக்க வேணும், பாதி கவரில (ரெண்டாப் பிரிஞ்சு மூட்டைப் பிடிக்கிற முனை), பாதி ரொட் எண்டில (தள்ளுகோல் முனையில உள்ள பெயரிங்). கண்ணுக்குத் தெரியாத 0.1 மி.மீ. கூட விரல் நுனிக்குத் தெரியும். நிச்சயப்படுத்த டயல் கேஜ்.

வெறும் ஆட்டத்தையும் கேபிள் நெளிவையும் குழப்பாதீங்க. மீன் நிறுக்கிற சின்னக் கொக்கித் தராசு ஒண்டு எடுத்து, பின்விளிம்பில ரேப்பால வளையம் கட்டி, அரைக் கிலோ இழுவையில எவ்வளவு நகருது, மறுபக்கம் அரைக் கிலோவில எவ்வளவு எண்டு எழுதுங்க. கையை வைச்சு அமுக்கினா கேபிள் நீட்சியும் சேர்ந்து வரும், ஒவ்வொருவர் கைக்கும் ஒவ்வொரு கணக்கு வரும். ட்ரிம் டேப் ஆட்டம் இதோட சேராது. அதுக்குக் கையேட்டில தனிச் சோதனையும் எல்லையும் இருக்கு.

---

நாவற்குடா எழுதியது:

மேலே சொன்னதோடு ஒரு கணக்கையும் வைத்துக்கொள்ளுங்கள். எலிவேட்டர் கையின் நீளம், கீல் கோட்டிலிருந்து பின்விளிம்புவரை உள்ள தூரம் இரண்டையும் அளவுகோலால் எடுங்கள். உதாரணத்துக்கு 75 மி.மீ., 375 மி.மீ. என்றால் பெருக்கம் ஐந்து. மூட்டில் 0.2 மி.மீ. தேய்ந்தால் விளிம்பில் 1 மி.மீ. இந்தப் பெருக்கத்தைத் தெரிந்துகொண்டால் 7 மி.மீ.க்கு மூட்டுகளில் மொத்தம் எவ்வளவு தேய்மானம் தேட வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும். தேய்ந்த போல்ட் ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுகிற பழக்கம் பலரிடம் உண்டு. கணக்கு நேராகும்வரை நிறுத்தக் கூடாது.

கறுப்புத் தூள், செந்நிறக் கோடு என்று எழுதியிருக்கிறீர்கள். அது உராய்ந்து அரைந்த உலோகம். அந்த மூட்டில் சுழலக் கூடாத ஒன்று சுழல்கிறது. இப்படியான மூட்டில் நட் இறுகும்போது கவர், பெயரிங்கின் உள்வளையம் (அல்லது எஃகு புஷ்), போல்ட் மூன்றும் ஒரே கட்டியாகப் பிடிபட வேண்டும். அசைவு முழுக்கப் பெயரிங்குக்குள்தான் நடக்க வேண்டும். நட் தளர்ந்தாலோ, வோஷர் ஒன்று குறைந்து நட் மரையின் முடிவில் போய் முட்டி நின்றாலோ, பிடி விட்டுப்போகும். பிறகு உள்வளையம் போல்ட்டின் மேல் சுழலும், போல்ட் நடுவில் இடுப்புப்போல் ஒடுங்கும், கவரின் துளை நீள்வட்டமாகும். உப்புக் காற்றும் சேர்ந்தால் எஃகு போல்ட்டுக்கும் அலுமினியக் கவருக்கும் இடையில் அரிப்பு வேகமாகும்.

கழற்றிய பிறகு அளக்க வேண்டியவை: ஏஎன்3 (3/16 அங்குல விமான) போல்ட்டின் தண்டு புதியதில் 0.186 முதல் 0.189 அங்குலம், அதாவது 4.72 முதல் 4.80 மி.மீ. மைக்ரோமீட்டரைத் தலைக்குக் கீழே தேயாத இடத்தில் ஒரு முறை, பளபளக்கும் பட்டையில் ஒரு முறை, 90 பாகை திருப்பி இன்னொரு முறை வையுங்கள். கவரின் துளையை நீளவாக்கில், குறுக்குவாக்கில் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். வெர்னியர் இதற்குப் போதாது. பெயரிங்கைத் துணியால் துடைத்து, கிறீஸ் இல்லாமல் உலர்வாகச் சுழற்றிப் பாருங்கள். கிறீஸ் ஆட்டத்தை மறைக்கும்.

லேத் பட்டறைப் புஷ் பற்றி: பட்டறைக்காரரின் கைத்திறனில் எனக்குச் சந்தேகம் இல்லை, கல்லடியில் கடைகிற படகுத் தண்டுப் புஷ்கள் நல்லாகவே ஓடுகின்றன. பிரச்சினை உலோகம். அங்கே கிடக்கும் வெண்கலக் கம்பி எந்தக் கலவை, எவ்வளவு கடினம் என்று ஒரு தாளும் கிடையாது. கடினம் கூடினால் போல்ட் தேயும், குறைந்தால் புஷ் சில மணி நேரத்தில் நசுங்கும். அங்கீகரிக்கப்பட்ட வரைபடமும் உலோகச் சான்றும் இல்லாமல் கடைந்த ஒன்றை முதன்மைக் கட்டுப்பாட்டில் போட்டு எந்த உரிமம் பெற்ற பொறியியலாளரும் கையொப்பமிட முடியாது. வாங்கும் பொருளோடு எஃப்ஏஏ 8130-3 அல்லது ஈஎஎஸ்ஏ படிவம் 1 (பாகம் அங்கீகரிக்கப்பட்டது என்று காட்டும் சான்றுத் தாள்) வருகிறதா என்று ஓடர் கொடுக்கும்போதே கேளுங்கள். பெட்டி வந்த பிறகு கேட்டால் தாள் வராது.

---

வாவிக்கரை எழுதியது:

நன்றி அண்ணே, நன்றி நாவற்குடா. பிரித்துப் பார்த்ததில்: பெருக்கம் எங்களுக்கும் கிட்டத்தட்ட ஐந்துதான். தள்ளுகோலின் முன்முனை போல்ட், தலைக்குக் கீழே 4.78, பட்டையில் 4.55 மி.மீ. பெல்கிராங்க் கவரின் துளை ஒரு திசையில் 0.25 மி.மீ. நீண்டிருக்கிறது. பின்முனை போல்ட் நல்லாக இருக்கிறது. கீலில் ஒன்றும் தெரியவில்லை. இடது வலதுக்கு இடையில் அசைவு இல்லை.

போல்ட்டின் நட் நைலோன் பூட்டு நட். கொட்டர் பின் (நட் கழலாமல் போல்ட்டின் துளை வழியே விட்டு மடக்கும் கம்பி) இல்லை, போல்ட்டில் துளையே இல்லை.

---

பாலமீன்மடு எழுதியது:

துளை நீண்டுவிட்டது என்றால் 1/4 அங்குலத்துக்கு ரீம் பண்ணிப் பெரிய போல்ட் போட்டால் என்ன? சின்ன விமானம், சுமை அதிகம் இல்லை. உழவு மெசின் இணைப்புகளில் வழமையாகச் செய்வதுதானே.

---

நாவற்குடா எழுதியது:

பாலமீன்மடு, மூன்று தடைகள் உண்டு. ரொட் எண்டின் உள்வளையம் 3/16 அங்குலம். கவரைப் பெருப்பித்தால் அதையும் மாற்ற வேண்டும், அது வேறு பகுதி எண். இரண்டாவது, துளையின் மையத்திலிருந்து கவரின் விளிம்புவரை போல்ட் விட்டத்தின் இரண்டு மடங்காவது உலோகம் இருக்க வேண்டும் என்பது பொது விதி. துளை பெருக்கும்போது தேவைப்படும் விளிம்பும் பெருகும், துளைக்கு வெளியே மிஞ்சும் உலோகமோ குறையும். மூன்றாவது, உழவு மெசினில் கவர் கிழிந்தால் வயலில் நிற்கும். இங்கே கிழிந்தால் விமானியின் கையில் வெறும் வீல்தான் மிஞ்சும். ஓவர்சைஸ் புஷ் போட உற்பத்தியாளரின் கையேடு இடம் கொடுத்தால் அந்த அளவில் மட்டும் செய்யலாம். இல்லையென்றால் பெல்கிராங்கை மாற்றுவதுதான் வழி. வெல்டிங் வைத்து நிரப்பித் துளைப்பது கூடவே கூடாது, சூடு அலுமினியத்தின் பதத்தைக் கெடுத்துவிடும்.

வாவிக்கரை, கணக்கைப் பாருங்கள். போல்ட்டில் 0.23, துளையில் 0.25, மொத்தம் 0.48. ஐந்தால் பெருக்கினால் 2.4 மி.மீ. உங்களுடையது 7. இன்னும் 4 மி.மீ.க்கு மேல் கணக்கில் வரவில்லை. கேபிளைத் தளர்த்திப் பெல்கிராங்க் அச்சைப் பார்த்தீர்களா? ரொட் எண்ட் பந்தை அச்சுத் திசையில் இல்லாமல் இழுவைத் திசையில் தள்ளிப் பார்த்தீர்களா?

அந்த நைலோன் நட் முக்கியமான தடயம். போல்ட்டோ நட்டோ சுழலக்கூடிய மூட்டில் தானே பூட்டும் நட் போடக் கூடாது. போல்ட் எண்ணின் கடைசியில் 'ஏ' இருந்தால் தண்டில் துளை இல்லை என்று அர்த்தம். யாரோ ஒருவர் கையில் கிடைத்த 'ஏ' போல்ட்டைப் போட்டிருக்கிறார், கொட்டர் பின் போட வழி இல்லாமல் நைலோன் நட்டுக்குப் போயிருக்கிறார். கையேட்டின் பாகப் பட்டியலில் எது இருக்கிறதோ அதையே ஓடர் பண்ணுங்கள். இருந்ததைப் பார்த்து அதே எண்ணை எழுதி அனுப்பினால் பிழையும் அப்படியே திரும்பி வரும்.

---

வாவிக்கரை எழுதியது:

ஓம், அச்சுத்தான். கேபிளைத் தளர்த்தியதும் பெல்கிராங்க் கையோடு வந்தது. அச்சுப் பெயரிங் உள்ளே துருப்பிடித்து, ஒரு பக்கம் குழி விழுந்திருக்கிறது. இழுவை இருக்கும்போது விரலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பெல்கிராங்க் முழுத்தொகுதி, பெயரிங், இரண்டு முனைப் போல்ட், நட் எல்லாம் ஓடர் கொடுக்கிறோம். திரும்பப் பூட்டும்போது எதில் கவனம் வேண்டும்?

---

கச்சான்காத்து எழுதியது:

பூட்டுற ஒழுங்கு இதுதான்.

போல்ட் தலை மேல அல்லது முன்னால, கையேட்டுப் படம் வேற சொன்னா ஒழிய. நட் கழண்டு விழுந்தாலும் போல்ட் துளையில இருக்கட்டும் எண்டுதான் அந்த வழக்கம். கிரிப் நீளம் (மரை இல்லாத தண்டின் நீளம்) சரியா இருக்க வேணும், மரை பெயரிங்குக்குள்ள வந்தா ஒரு மாதத்தில துளையை அரைஞ்சிடும். 10-32 மரைக்குப் பொது முறுக்கம் 20 முதல் 25 அங்குல-இறாத்தல். மெல்லிய ஷியர் நட் எண்டா 12 முதல் 15. கையேட்டில வேற எண் இருந்தா அதுதான் செல்லும். கொட்டர் பின் துளை கீழ் எல்லையில பொருந்தாட்டி மேல் எல்லைக்குள்ள அடுத்த வெட்டுக்கு இறுக்குங்க. அதிலயும் வராட்டி வோஷரை மாத்துங்க: ஏஎன்960-10 தடிப்பு 0.063, அதின் 'எல்' 0.032 அங்குலம். நட்டைப் பின்னால தளர்த்திப் பொருத்துறது வேண்டாம். இந்த மரைக்குக் கொட்டர் பின் 1/16 அங்குலம், எப்பவும் புதுசு.

பூட்டின பிறகு கவரை விரலால ஆட்டிப் பாருங்க. கவர் நசுங்கிப் பெயரிங் இறுகியிருந்தா நடுவில வோஷர் குறையுது.

ரொட் எண்ட் தள்ளுகோலுக்குள்ள போதுமான அளவு போயிருக்கா எண்டு பார்க்க ஒரு சின்னத் துளை இருக்கும். பூட்டுக் கம்பியை அதில விட்டா உள்ள போகக் கூடாது. போனா மரை பத்தாது. நீளத்தைச் சரிசெய்யும்போது, 1/4-28 மரை எண்டா ஒரு சுற்று 0.9 மி.மீ.; 75 மி.மீ. கைக்கு அது ஏறத்தாழ 0.7 பாகை. அதனால அரைச் சுற்று அரைச் சுற்றாப் போங்க.

மறுகா சீரமைப்பு. எலிவேட்டர் நடுநிலை எண்டா அதின் சமநிலைக் கொம்பின் அடிப்பக்கம் ஸ்டெபிலைசரின் (எலிவேட்டருக்கு முன்னால உள்ள அசையாத வால் சிறகு) அடிப்பக்கத்தோட மட்டம். அதில கோணமானியைச் சைபருக்கு வையுங்க. மேல 28, கீழ 23 பாகை, ரெண்டுக்கும் கூட 1, குறைய 0. (செஸ்னா 152 வேற, அந்த எண்களை இதில போடாதீங்க.) எல்லையை நிறுத்தும் போல்ட்டுகள் பெல்கிராங்கில இருக்கு. கேபிள் 30 இறாத்தல். அதைக் காலையில் நிழலில் வையுங்க. அலுமினிய உடம்பு எஃகுக் கேபிளை விடக் கூட விரியும், மட்டக்களப்பு மத்தியான வெயிலில அதே கேபிள் கூடுதலாக் காட்டும். வெயிலில வைச்ச 30, மாரி விடியலில 30 ஆக இராது. டர்ன்பக்கிளுக்கு வெளியில மூண்டு மரைக்கு மேல தெரியக் கூடாது.

---

உகனையான் எழுதியது:

பொருள் வருகிறவரை காரணத்தையும் பாருங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடமும் இதே பெல்கிராங்க். 172 நிற்கும்போது கன்ட்ரோல்களை அசையாமல் பிடிக்கும் ஊசி (கன்ட்ரோல் லொக் பின்) உள்ளே, தண்டில் பூட்டுவது. ஆனி ஆடியில் கச்சான் காற்று பின்பக்கமாக அடிக்கும்போது எலிவேட்டர் படபடக்கிற ஒவ்வொரு அடியும் தள்ளுகோல், பெல்கிராங்க், கேபிள் எல்லாவற்றையும் கடந்து போய்த்தான் அந்தப் பின்னில் நிற்கிறது. விமானம் பறக்காமல் நிற்கும்போதுதான் அந்த மூட்டுகள் அதிகம் அடி வாங்குகின்றன. எலிவேட்டரையும் ஸ்டெபிலைசரையும் வெளியில் சேர்த்துப் பிடிக்கும் பூட்டு, உள்ளே ஃபெல்ட் ஒட்டிய இரண்டு பலகையும் ஒரு போல்ட்டும் போதும். சிவப்புத் துணி ஒரு மீட்டராவது தொங்க வேண்டும், கழற்றாமல் புறப்பட முடியாதபடி.

அச்சுப் பெயரிங் துருப்பிடித்தது வால் கூம்புக்குள் ஈரம் தங்கியதால். வடிகால் துளைகளைப் பாருங்கள், குளவி மண் வைத்து அடைத்திருக்கும். கழுவும்போது உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கேபிளைக் கரைப்பானில் ஊறவைக்கவும் வேண்டாம், உள்ளிழைகளுக்கு இடையிலுள்ள எண்ணெய் வெளியேறிவிடும். துணியால் துடைத்தால் போதும். இழுவை தளர்ந்திருக்கிற இந்த நேரத்தில் கப்பி தொடும் இடங்களில் கேபிளை எதிர்ப்பக்கம் முறுக்கி இழையைத் திறந்து உள்ளே துரு இருக்கிறதா என்று பாருங்கள். வெளியில் நல்லாகத் தெரியும் கேபிள் உள்ளே செத்திருக்கும். கப்பி தொடும் பகுதியில் ஒரு கம்பி அறுந்திருந்தாலே மாற்ற வேண்டியதுதான்.

கடைசியாக, கையொப்பம். முதன்மைக் கட்டுப்பாட்டைப் பிரித்துப் பூட்டினால் பூட்டியவர் அல்லாத இரண்டாமவர் தனியாகச் சோதிக்க வேண்டும். இது தாளுக்காகச் செய்கிற காரியமல்ல. 2000 பெப்ரவரி 16 அன்று கலிபோர்னியாவில் ஒரு டிசி-8 சரக்கு விமானம் விழுந்து மூவர் இறந்தார்கள். வலது எலிவேட்டர் டேப்பின் தள்ளுகோலைப் பூட்டும் ஒரு போல்ட் சரியாகப் பாதுகாக்கப்படவில்லை. 2003 ஜனவரி 8 அன்று சார்லட்டில் ஒரு பீச்கிராஃப்ட் 1900டி புறப்பட்டதும் விழுந்து 21 பேர் இறந்தார்கள். அதற்கு முன் நடந்த பராமரிப்பில் எலிவேட்டர் கேபிள் டர்ன்பக்கிள்கள் பிழையாகச் சரிசெய்யப்பட்டு, மூக்கை இறக்கும் பக்க அசைவு ஏறத்தாழ பாதியாகியிருந்தது. சுமை பின்னால் கூடியிருந்தபோது விமானிகளிடம் மிச்சமிருந்த அசைவு போதவில்லை. அங்கே வேலையைக் கற்றுக்கொடுத்தவரும் சோதித்தவரும் ஒரே ஆள், சில படிகளை விட்டுவிடலாம் என்று சொன்னவரும் அவர்தான்.

ஆகவே உங்கள் இரண்டாமவர் டர்ன்பக்கிளையும் கொட்டர் பின்னையும் பார்த்தால் மட்டும் போதாது. கோணமானியை அவரே வைத்து மேல் 28, கீழ் 23 எடுக்கட்டும். வீலைப் பின்னால் இழுத்தால் பின்விளிம்பு மேலே போகிறதா என்று வாலருகில் நின்று பார்க்கட்டும். கேபிள் இரண்டும் குறுக்கே மாறியிருந்தால் இழுவையும் ஆட்டமும் நல்லாகவே காட்டும், திசை மட்டும் தலைகீழாக இருக்கும்.

---

வாவிக்கரை எழுதியது:

புரிந்தது. சொந்தக்காரருக்கு அச்சுப் பெயரிங்கையும் தேய்ந்த போல்ட்டையும் கையில் கொடுத்ததும் 40 இறாத்தல் கதை நின்றுவிட்டது. புதிய பாகங்கள் போட்ட பிறகு விளிம்பு ஆட்டத்தை எப்போது திரும்ப அளப்பது நல்லது?

---

நாவற்குடா எழுதியது:

பூட்டிய அன்றே கொக்கித் தராசோடு ஒரு அளவு எடுத்து லொக் புத்தகத்தில் எழுதுங்கள், எத்தனை கிராம் இழுவையில் எடுத்தது என்பதோடு. பிறகு 25 மணி நேரப் பறப்பில் ஒரு முறை கேபிள் இழுவையும் அதே ஆட்டமும். புதுக் கேபிள் போட்டால் முதல் சில மணி நேரங்களில் இழுவை கொஞ்சம் இறங்கும், பழைய கேபிளையே விட்டால் இறங்கக் கூடாது. இறங்கினால் டர்ன்பக்கிள் பூட்டைப் பாருங்கள். ஆட்டம் அரை மி.மீ.க்கு மேல் கூடியிருந்தால் கவர் இறுகிப் பிடிக்கவில்லை, போல்ட்டை வெளியே எடுத்துப் பட்டை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.